எட்டாம் கட்டிலுக்குப் பக்கத்து வாஷ்பேசின்

எழில்மொழிக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் லேபில் பதினோரு வருஷமாகக் கிருமிகளோடு மல்லுக்கட்டுகிறவள். திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம். அம்மா ராசம்மாள் ஊரார் வயலில் நாற்று நட்டே இவளைப் படிக்க வைத்தாள். அந்த அம்மாதான் வரப்பில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, ஒன்பது நாளாக அதே மருத்துவமனையின் மேல்மாடி வார்டில் எட்டாம் கட்டிலில் கிடக்கிறாள்.

ஆறாம் கட்டில்காரருக்குச் சிறுநீரில் ஒரு கிருமி. ஏழாம் கட்டில்காரருக்குப் புண்ணில் வேறொரு கிருமி. இரண்டும் இங்கே வந்த பிறகு தொற்றியவை. கடைசியாகக் கையில் எடுக்கிற மருந்துக்கும் அசையவில்லை. கிருமிதான் வேறு, மருந்தை முறிக்கிற மரபணு இரண்டிலும் ஒன்றே என்றது பி.சி.ஆர். சோதனை. பொல்லாத கிருமிகள் இவை. அந்த மரபணுவை நகலெடுத்துப் பக்கத்துக் கிருமிக்குக் கொடுத்துவிடும். இனம், சாதி ஒன்றும் பார்க்காது. ஆனால் கொடுக்க இரண்டும் ஓரிடத்தில் கூட வேண்டுமே, எங்கே கூடின?

எழில்மொழி வார்டு முழுக்கத் தடவி மாதிரி எடுத்தாள். அம்மாவின் உடம்பிலிருந்தும் எடுத்தாள். எட்டாம் கட்டிலுக்குப் பக்கத்து வாஷ்பேசினில் அந்த மரபணு அகப்பட்டது. பிளம்பர் கீழ்க்குழாயைக் கழற்றினார். உள்ளே கொழகொழவென்று கஞ்சிப் பசை. குழாயைத் திறக்கும்போதெல்லாம் அதிலிருந்து தெறித்த துளிகள் பக்கத்துக் கட்டில்கள்வரை போயிருக்கும்.

"கை கழுவுற இடத்துல யாருங்க இதுகளுக்குச் சோறு போட்டது?" என்று வார்டைப் பார்க்கிற டாக்டர் பிரகதாம்பாள் சத்தம் போட்டார்.

எச்சில் பாத்திரத்தைக் கழுவாமல் வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது என்பது ராசம்மாள் வீட்டுச் சட்டம். ஒன்பது நாளும் அம்மாவின் கஞ்சித் தூக்கை எழில்மொழி அங்கேதான் கழுவினாள். கிருமியைப் பற்றிப் படித்தவள் செய்கிற காரியமா இது! எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது.

"நான்தாங்க டாக்டர்" என்றாள்.

டாக்டர் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வாஷ்பேசினை மூடவும் ராசம்மாளையும் சேர்த்து மூன்று பேரையும் தனி அறைகளுக்கு மாற்றவும் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அம்மாவின் ரிசல்ட் வந்தது. அதே மரபணு. குடலில் இருக்கிறது, புண்ணில் இன்னும் இறங்கவில்லை. இறங்கினால் கொடுக்க மருந்து கிடைப்பது கஷ்டம். எழில்மொழி மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறிப்போய் எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டினாள்.

"நான்தானேடி கழுவச் சொன்னேன்" என்றாள் ராசம்மாள். "உன்னைய யாரு என்ன சொல்றது?"

பழக்கத்தில் அவள் கை கஞ்சித் தூக்கைக் கழுவ நீட்டியது. பாதியில் நிறுத்தி, தானே மூடியைப் போட்டு இறுக்கி, "இப்படியே எடுத்துட்டுப் போ" என்றாள்.