தாய்மாமன் காருக்கு ஒயில் ஊற்றிய கதை

போன சனிக்கிழமை என் மகள் ஜெனியின் கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் இப்போது என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். சேலை எங்கே எடுத்தீர்கள் என்றல்ல. கேக் யார் செய்தது என்றும் அல்ல.

"ஏன் டீச்சர், பொண்ணு கடைசியில ஒங்க சின்னக் கார்லயா வந்திச்சு? மாமாவோட பெரிய காரு என்னாச்சு?"

ஆளுக்கு ஆள் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. வாரா வாரம் பத்திரிகையில் இந்த இடம் எனக்கென்று இருக்கிறதே... எல்லாருக்கும் ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி ஸ்டீபன் பண்டாரவளையில் மரக்கறி லொறிகளுக்கு ஏஜென்ட். உழைப்பாளி. நல்லவன். போன வருஷம் மட்டும் அவனுக்குப் புத்தி பிசகிவிட்டது — கொழும்புக்குப் போய் ஒரு டர்போ கார் வாங்கிக்கொண்டு வந்தான். நீல நிறம். பின்னால் ஒரு இறக்கை வேறு. இது எதற்கடா என்று கேட்டேன். ஸ்பீடில் போகும்போது காரைத் தரையோடு அமுக்கிப் பிடிக்குமாம்.

எங்கள் பூனாகலை ரோட்டில் எந்த ஸ்பீட்? வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிக்க வேண்டும். எதிரே தேயிலைக் கொழுந்து லொறி வந்தால் ரிவர்ஸ் எடுத்து ஒதுங்க வேண்டும். எஞ்சினுக்குள் இத்தனை நூறு குதிரையின் சக்தி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பான். அத்தனை குதிரையும் பசறைக்குப் போகிற பஸ்ஸுக்குப் பின்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்து போவதை நானே பார்த்திருக்கிறேன். முன் பம்பர் தோட்டத்து ரோட்டின் ஒவ்வொரு குழியிலும் உரசும். சைலன்சர் சத்தத்துக்குத் தொழிலாளர் வசிக்கும் லயத்து நாய்கள் ஒன்று பாக்கியில்லாமல் குரைக்கும்.

காருக்கு அவன் ஒரு குறையும் வைக்கவில்லை. ஃபாதரைக் கூப்பிட்டு மந்திரிக்க வைத்தான். கண்ணாடியில் ஜெபமாலை தொங்கவிட்டான். பதுளையில் கடை வைத்திருக்கும் இந்துச் சிநேகிதர் ஒருவர் சொன்னார் என்று நாலு டயருக்கும் தேசிக்காய் வைத்து நசுக்கினான் — எதற்கும் இருக்கட்டுமாம். பொனட்டைத் திறப்பான், மூடுவான். திறப்பது எஞ்சினைப் பார்க்க அல்ல. மற்றவர்களுக்குக் காட்ட.

சரி, அவன் கார், அவன் பாடு என்று விட்டுவிடலாம். விட முடியாதபடி ஒரு விஷயம் குறுக்கே வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பெண்ணைத் தாய்மாமன்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வண்டியில் ஏற்ற வேண்டும். கோயில் வாசலில் அவன்தான் இறக்கிவிட வேண்டும். ஜெனிக்கு ஒரே தாய்மாமன் ஸ்டீபன். நீலக் கார்தான் கல்யாணக் கார் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். நான் யார் தடுக்க?

எனக்கு வேறு கவலை. மாப்பிள்ளை தங்கமான பையன். அவன் வீட்டார் பதுளை டவுன் ஆட்கள். தோட்டத்துப் பக்கம் போயா பெண் எடுப்பது என்று முதல் நாளே மூக்கைச் சுளித்தவர்கள். அதிலும் மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் இருக்கிறார். நிச்சயத்துக்கு வந்த அன்று என் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டே, "தோட்டத்து ஆளுங்களுக்கு நேரங்காலம் தெரியாது, நீங்க கொஞ்சம் பாத்துக்கங்க டீச்சர்" என்று எனக்கே புத்தி சொன்னவர். இருபது வருஷமாகப் பாடசாலை மணி அடிப்பதற்கு முன்னால் போய் நிற்கிறவள் நான்!

பண்டாரவளைக் கோயிலில் ஒன்பதரைக்குக் கல்யாணப் பூசை. அதற்குப் பின்னால் இன்னொரு கல்யாணம். ஒன்பதரைக்குப் பெண் வாசலில் இல்லாவிட்டால் பின்னேரம்தான் என்று ஃபாதர் முன்னாலேயே சொல்லிவிட்டார். பின்னேரம் ஆனால் அந்த அத்தையின் வாயை ஆயுசுக்கும் அடைக்க முடியுமா? என் மகள் அந்த வீட்டில் போய் வாழ வேண்டியவள். முதல் நாளே தலை குனிந்து நுழைய வேண்டுமா?

கல்யாணக் காலை. ஸ்டீபன் வந்து எங்கள் முற்றத்தில் காரை நிறுத்தினான். முற்றம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மலையை வெட்டி வீடு கட்டியிருக்கிறோம். முற்றத்தில் நாற்காலி போட்டால் ஒரு காலுக்குக் கல் வைக்க வேண்டும். கார் மூக்கை மேலே ரோட்டுப் பக்கம் தூக்கிக்கொண்டு, வாலை என் சமையலறைப் பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது.

நிறுத்தியதும் நிறுத்தாததுமாகப் பொனட்டைத் திறந்தான். ஆண்கள் கூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர், அவருடைய இரண்டு சிநேகிதர்கள். திறந்த பொனட்டைக் கண்டால் ஆண்களுக்கு என்னதான் வருமோ தெரியவில்லை. அதுவரை சும்மா இருந்தவர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு குனிந்து நிற்பார்கள். ஒருத்தர் கேட்டார், ஒயில் எல்லாம் பார்த்தாச்சா என்று.

ஸ்டீபன் டிப்ஸ்டிக்கை உருவினான். எஞ்சினுக்குள் ஒயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற குச்சி அது. கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் ஒயில் இருந்தால் சுகம். கல்யாணத்துக்கென்று மடித்து வைத்திருந்த வெள்ளைக் கைக்குட்டையிலேயே அதைத் துடைத்து, திரும்பச் செருகி, உருவிப் பார்த்தான். ஒயில் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. அவன் முகம் செத்துவிட்டது.

நான் பாதிச் சேலை கட்டிய கோலத்தில் தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்தேன். பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது.

"டேய், மேட்டுல வெச்சுப் பாக்காத. இப்பத்தானே எஞ்சின நிறுத்தின? மேல போன ஒயில் இன்னும் கீழ எறங்கியிருக்காது. சமதரைக்கு எடுத்துட்டுப் போயி, கொஞ்சம் பொறுத்துப் பாரு."

"அக்கா, இது டர்போ. ஒங்க காரு மாதிரி இல்ல."

ஆண்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். வீட்டில் ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மனுஷர்!

இதில் என்ன பெரிய விஞ்ஞானம் இருக்கிறது, சொல்லுங்கள்? சரிவில் ஒரு தாச்சியை வையுங்கள். குழம்பு ஒரு பக்கம் ஓடிவிடும். மேட்டுப் பக்கம் கரண்டியை விட்டுப் பார்த்து, ஐயோ, குழம்பு இல்லையே என்று எந்தப் பெண்ணாவது தண்ணீர் ஊற்றுவாளா? அவன் காரில் அந்தக் குச்சி எஞ்சினின் முன்பக்கம் இருக்கிறது. மூக்கு மேலே நின்றால் ஒயில் பின்னால் போய்விடும். குச்சி குறைவாகத்தான் காட்டும். டர்போவாக இருந்தாலும் தள்ளுவண்டியாக இருந்தாலும் ஒயில் பள்ளத்துக்குத்தான் ஓடும். இங்கே தோட்டத்துப் பிள்ளைகளுக்கே தெரியும்.

உள்ளே ஜெனிக்குத் தலை அலங்காரம் செய்கிற பெண் என்னைக் கூப்பிட்டாள். நான் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்க்கிறேன் — டிக்கியிலிருந்து நாலு லீட்டர் ஒயில் கேன் இறங்கியிருக்கிறது. என் சமையலறைப் புனல் எஞ்சின் வாயில் நிற்கிறது. கொஞ்சம் ஊற்றுவது, உடனே குச்சியைப் பார்ப்பது. ஊற்றிய ஒயில் கீழே போய்ச் சேர வேண்டாமா? அந்தப் பொறுமை யாருக்கு? இன்னும் குறைவு, இன்னும் ஊற்று. டர்போ ஒயில் குடிக்கும் என்று ஃபோனில் பார்த்தேன் என்றார் ஒரு சிநேகிதர். குறைவாக இருப்பதை விடக் கூட இருப்பது நல்லது என்றார் மற்றவர். "மச்சான், இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க, தூரப் பயணம்" என்றார் என் வீட்டுக்காரர். எது தூரப் பயணம்? பண்டாரவளை!

போதும் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பதே ஏறத்தாழ ஒரு லீட்டர்தான். இவர்கள் கோயில் விளக்குக்கு ஊற்றுகிற மாதிரி பாதிக் கேனுக்கு மேல் ஊற்றிவிட்டு, பொனட்டை மூடி, கையைத் துடைத்துக்கொண்டார்கள். கல்யாண வேலையில் அவர்கள் செய்தது அது ஒன்றுதான்.

ஸ்டீபன் ஜெனியின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தான். அப்போது மட்டும் எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. அவளை ஏற்றிக்கொண்டு நீலக் கார் முன்னால் புறப்பட்டது. பின்னால் என் சின்னக் காரை நான் ஓட்டினேன். பக்கத்தில் வீட்டுக்காரர், பின்சீட்டில் ஆலோசகர்கள் இருவர்.

முதல் ஏற்றத்திலேயே ஆரம்பித்துவிட்டது. நீலக் காரின் பின்னாலிருந்து புகை. லேசாக அல்ல — கொசுவுக்கு மருந்து அடிக்க வருகிறார்களே, அந்த மாதிரி. எனக்கு ரோடு தெரியவில்லை. ஹோர்ன் அடித்தேன். வாழ்த்துகிறேன் என்று நினைத்து அவனும் திருப்பி அடித்தான். ஒயில் அளவுக்கு மேல் போனால் எஞ்சின் அதைக் கடைந்து நுரையாக்கும். மிஞ்சியது போகக் கூடாத வழியிலெல்லாம் போய் எரியும். கொழுந்து பறிக்கப் போன பெண்கள் ரோட்டோரத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். தோட்டத்துப் பெரட்டுக்களம் வரை போனது கார். விடியக்காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற இடம் அது. அங்கே சிவப்பு லைட் எரிந்து, இருமி, நின்றுவிட்டது.

ஜெனி இருமிக்கொண்டே இறங்கினாள். வெள்ளைச் சேலையில் ஒயில் நாற்றம்.

எங்கள் பக்கத்தில் பார்த்த பார்வைக்குச் சமதரை என்று இருப்பது அந்தப் பெரட்டுக்களம் ஒன்றுதான். பொனட்டைத் திறக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பொறுத்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குச்சியை நானே உருவினேன். மேல்கோடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அதற்கும் மேலே விரல் நீளத்துக்கு ஒயில். ஆண்கள் நாலு பேரும் மலையைப் பார்த்தார்கள்.

இனி அடியில் நட்டைக் கழற்றி மிச்சத்தை வடிய விட வேண்டும். கராஜிலிருந்து மெக்கானிக் பாஸ் வர வேண்டும். வருவதற்குள் பூசை முடிந்துவிடும். என் காரில் ஏறு என்று ஜெனியைக் கூப்பிட்டேன். ஸ்டீபன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றான்.

"தாய்மாமன் காருல இருந்து பொண்ணு பாதி வழியில எறங்கிப் போச்சுன்னா, நான் மொகத்த எங்க கொண்டுபோயி வெச்சுக்கிறது, அக்கா?"

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. அதே நேரம் பாவமாகவும் இருந்தது. என்ன செய்வது, கூடப் பிறந்துவிட்டதே. என் கார்ச் சாவியை அவன் கையில் வைத்து அழுத்தினேன்.

"மாமன் கூட்டிட்டு வரணும். அவ்வளவுதான் மொற. இந்தக் காருலதான் வரணும்னு யாரும் சொல்லல. ஏறி ஓட்டு."

ஓட்டினான். அந்த உயரத்துக்கு என் சின்னக் காரில் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. முன்சீட்டில் என் வீட்டுக்காரர்; ஜெனியும் நானும் பின்சீட்டில், சேலை கசங்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஆலோசகர்கள் இருவரையும் நீலக் காருக்குக் காவல் வைத்தோம். அவர்களுக்குத் தகுந்த வேலை.

என் கார் ஏற்றத்தில் முனகியது. புகை விடவில்லை. நிற்கவுமில்லை.

கோயில் வாசலில் ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டீபன் இறங்கி, கதவைத் திறந்து, ஒயில் கறை பட்ட கையால் ஜெனியின் கையைப் பிடித்து இறக்கினான். உள்ளே மணி அடித்தது. சரியான நேரம். அந்த அத்தை என் காரை டயரிலிருந்து கூரை வரை அளந்தார். பிறகு ஜெனியிடம், மாமாவுக்குப் பெரிய கார் இருக்கிறது என்றார்களே, இதுதானா என்று கேட்டார்.

ஜெனி முகம் மாறாமல் சொன்னாள்: "எங்க மாமா ஓட்டுற காருதாங்க எங்களுக்குப் பெரிய காரு."

அத்தை விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். ஸ்டீபன் தூணுக்குப் பின்னால் போய், அந்தக் கறுத்த கைக்குட்டையால் கண்ணையும் நெற்றியையும் துடைத்துக்கொண்டான். பூசை முழுக்க நெற்றியில் ஒயிலோடு நின்றான். கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் இருக்கிறது.

பூசையில் உட்கார்ந்து எனக்கு ஒரே யோசனை. அந்த அத்தை என் வீட்டை எங்கே நின்று பார்த்தார்? டவுன் மேட்டில் ஏறி நின்று. அங்கிருந்து பார்த்தால் எங்களிடம் இருப்பதும் இல்லாத மாதிரித்தான் தெரியும். குறைவு என்று முடிவு கட்டியவுடன் புத்திமதியை ஊற்ற ஆரம்பித்துவிடுவார்கள். ஒரே தரையில் நின்று, கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் என்ன குறைந்துபோகும்?

நேற்று ஸ்டீபன் வந்திருந்தான். பாஸ் மிச்ச ஒயிலை வடித்து, கழுவித் துடைத்து, கார் பழையபடி உறுமுகிறது. அதே முற்றம். அதே மேடு. மூக்கு வானத்தில். நான் தேத்தண்ணி ஊற்றி எடுத்து வருவதற்குள் பொனட் திறந்திருக்கிறது... கையில் குச்சி!

"அக்கா, மறுபடியும் கொறைவாத்தான் காட்டுது. இந்தக் குச்சியிலதான் ஏதோ பிழை."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நிஜமாகவே கோணல் — இவன் அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறான்.