சுண்ணாம்புக் கோடு

எண்பதுகளின் தொடக்கம். மயிலாடும்பாறைக்கு மேலே வனத்துறை வளர்த்த காட்டில் மரம் அளக்கப் போனாள் என் மகள். கல்லூரியில் தாவரவியல் கடைசி வருடம். ஓடைக்கு இந்தப் பக்கம் தேக்கு மட்டும்; எல்லாம் ஒரே வயது, ஒரே உயரம். அந்தப் பக்கம் தேக்கோடு வேங்கை, நெல்லி, கடுக்காய் கலந்து, பெரிதும் சிறிதுமாய் நின்றன. சுற்றளவையும் உயரத்தையும் வைத்து இரண்டு காடுகளின் அமைப்பையும் அவள் ஒப்பிட வேண்டும். பெண்பிள்ளையைத் தனியே அனுப்ப மனமில்லாமல், நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

அவள் நெஞ்சுயரத்தில் டேப்பைச் சுற்றி எண் சொல்வாள். நான் நோட்டில் எழுதிவிட்டு, அளந்த மரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுப்பேன். ஒரே மரத்தை இரண்டு தரம் அளந்துவிடக் கூடாதே என்று அந்தக் கோடு என் யோசனைதான்.

கலப்புக் காட்டில் அளந்துகொண்டிருந்தபோது, நெல்லிக்காய் பறிக்க வந்த மூன்று பேர் கோடுகளைப் பார்த்து நின்றார்கள். மூத்தவர் கையில் அரிவாள்.

"யாருய்யா சுண்ணாம்பு அடிச்சது?"

"சும்மா அளக்குறோம்ணே" என்றாள் மகள்.

"போன வருசமும் சும்மாதேன் அடிச்சுட்டுப் போனாக. மறுவாரம் காண்ட்ராக்ட்காரன் ரம்பத்தோட வந்துட்டான். அந்த மேட்டுல ஒரு நெல்லி நிக்குதா பாரு. தேக்கு நடப் போறாகளாம். தேக்க அவிச்சா திங்கிறது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் என் பயம் முந்திக்கொண்டது. மிரட்டினால் விலகிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"நாங்க பாரஸ்ட் ஆபீஸ் ஆளுக. மேல கைய வச்சா கேஸ் ஆயிரும்!"

முதல் அடி காதோரம் விழுந்தது. மூக்குக்கண்ணாடி தெறித்தது. கீழே விழுந்த என் விலாவில் ஒருவன் மிதித்தான். இன்னொருவன் என் தலைக்குக் கம்பை ஓங்கினான். குறுக்கே பாய்ந்த மகளின் முன்கை அதை வாங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. தொங்கிய கையை மறு கையால் ஏந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏலே, பொம்பளப்புள்ளடா!" அரிவாள்காரரே அவனைப் பிடித்துத் தள்ளினார். பிறகு நோட்டைக் கிழித்து ஓடையில் எறிந்துவிட்டுப் போனார்கள்.

தேனி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு காய்ந்துகொண்டிருந்தபோது கேட்டாள்: "வாத்தியார்னு சொல்லியிருக்கலாம்லப்பா?"

கட்டுப் பிரித்ததும் மறுபடி கிளம்பினாள். கூடப் படிக்கும் பெண்ணோடு முதலில் அடித்தவர்களின் ஊருக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் காட்டுக்குள் போவாளாம். நான் சட்டையை மாட்டினேன்.

"நீங்க வேணாம்ப்பா" என்றாள். "பயந்துட்டா உங்க வாய் சும்மா இருக்காது."

பொத்தானைக் கழற்றினேன்.