கல் இருந்த இடம்

கம்பைநல்லூர்ப் பக்கம் கடல் கிடையாது. தீர்த்தம்மாளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மல்பெரித் தோட்டத்தின் மேல் காற்று வீசினால் போதும், ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவளுக்கு வீடே மெல்ல நகரத் தொடங்கும்.

பாலிடெக்னிக் படித்தவள். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கப்பல் வரைகிறாள். "பாய்மரக் கப்பல்" என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னதிலிருந்து, சொந்தக்காரர்கள் அவளிடம் கோரைப்பாய் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். கேட்டால் கேட்கட்டும்.

இப்போது கையிலிருப்பது ஸ்கூனர். இரண்டு பாய்மரம்; முன்னது குட்டை, பின்னது நெட்டை. இருநூறு வருஷத்துக்கு முன் ஓடியதை அப்படியே திரும்பக் கட்டுகிறார்கள். அப்படியே என்பது பேச்சுக்குத்தான். பழையதில் கவிழாமலிருக்க வயிற்றில் கல் அடுக்கினார்கள்; புதியதில் அடிமரத்துக்குக் கீழே ஈயம். பழையதற்குக் காற்றுதான் கதி. புதியதற்கு என்ஜினும் உண்டு. பழைய மாலுமி உள்ளே குனிந்தே நடந்தான். இப்போதைய சட்டப்படி ஆள் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதற்காக மேல்தளத்தை ஓரடி உயர்த்தினாள். கப்பல் சினை மாடு போல ஆகிவிட்டது.

"வெளித்தோற்றம் விரலளவு மாறினாலும் அது எங்கள் கப்பல் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம்" என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கச் சொன்னது போலிருந்தது.

வியாழன் மதியம் கணவன் மாயவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டுப்புழு ஷெட்டுக்குப் போனாள். புழுவெல்லாம் கூடு கட்டி முடித்து ஷெட் காலியாயிருந்தது. மாயவன் கடப்பாரையால் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தான்.

"என்னங்க பண்றீங்க?"

"உள்ள வந்தா தல இடிக்குது தீர்த்தா. கூரையத் தூக்குனா செவுரு தாங்காது. தரைய எறக்கிட்டாப் போவுது."

அப்படியே நின்றுவிட்டாள். கப்பலில் கல் போய் ஈயம் வந்தாயிற்று. கல் கிடந்த இடத்தை மட்டும், பழைய படத்தில் இருக்கிறதே என்று, சும்மா விட்டு வைத்திருந்தாள்! தூக்குப்போசியை அவன் கையில் திணித்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். திரையில் கப்பலின் உள்ளறைத் தரை கல் இருந்த இடத்துக்கு இறங்கியது. மேல்தளம் தன் பழைய உயரத்துக்கே வந்து உட்கார்ந்தது.

அடுத்த வருஷம் வெள்ளோட்ட வீடியோ வந்தது. இருவரும் போனில் பார்த்தார்கள். பாய்கள் ஒவ்வொன்றாக விரிந்தன; கப்பல் தூக்கத்தில் நடப்பது போல வெளியே போனது. அந்தப் பழைய கப்பலைப் பற்றியே ஆயுசு முழுக்கப் படித்த ஒரு பெரியவர், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்று கரையில் நின்று அழுதார்.

"இதுல நீ பண்ணுனது எங்க தீர்த்தா? ஒண்ணுமே தெரியலையே!" என்றான் மாயவன்.

"தெரியலையில்லீங்க?" அவள் வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். "இன்னொருக்கா சொல்லுங்க."