மூன்றாம் பாலத்தின் தளர்ந்த ஆணி

நான் குடியிருக்கும் பாரிஸ் பத்தாம் வட்டாரத்தில் ஒரு படகுக்காக ஒரு தெரு முழுவதும் நிற்கும். சன் மார்த்தன் கால்வாயின் குறுக்கே, தெருவோடு தெருவாக, ஒரு இரும்புப் பாலம் கிடக்கிறது. படகு வந்தால் மணி அடிக்கும், தடுப்பு இறங்கும், பாலம் மெல்லச் சுழன்று ஒரு கரையோரமாக ஒதுங்கி நிற்கும். படகில் அவசர வேலையாகப் போகிறவர் எவரும் இல்லை. கதிரையில் சாய்ந்து வெயில் காய்கிற உல்லாசப் பயணிகள்தான். அவர்கள் கடந்து முடியும்வரை இரண்டு பக்கமும் கார்களும் சைக்கிள்களும் பிள்ளை வண்டில் தள்ளும் தாய்மாரும் காத்திருப்பார்கள். ஒருவரும் ஹோர்ன் அடிப்பதில்லை. கொழும்புக் காலி வீதியில் இப்படி ஒரு பாலம் இருந்து, அது ஒரு படகுக்காகத் திரும்பினால் தெஹிவளையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை சத்தம் கேட்கும்.

அந்தப் பாலத்துக்கு இரண்டு தெரு தள்ளி முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். ஆயிரம் தடவை கடந்திருக்கிறேன். ஆனால் நின்று பார்த்தது போன வருடம்தான். அதுவும் ஆசையில் இல்லை, அரசாங்கக் காரியத்துக்காக.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஒருகொடவத்தையில் லொறிகளுக்கு சேசிஸ் அடிக்கும் கராஜில் வேலை. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கராஜ் எரிந்தது, நான் கிளம்பினேன். பாரிஸில் முதலில் கோப்பை கழுவினேன், பிறகு ஒரு போர்த்துக்கீசனிடம் இரும்புக் கதவு செய்யும் வேலையில் சேர்ந்தேன், எட்டு வருடத்தில் அந்தப் பட்டறையையே வாங்கினேன். இன்று இந்த வட்டாரத்தில் நீங்கள் பிடித்து ஏறுகிற மாடிப்படிக் கைபிடிகளில் எத்தனையோ நான் வளைத்தவை. பொறியியல் படித்துவிட்டு வந்த பிரெஞ்சுப் பையன்கள் என்னிடம் அளவு கேட்டிருக்கிறார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட உழைத்திருக்கிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பயந்தாங்கொள்ளியாக இருந்தேன். பிரெஞ்சுக் குடியுரிமை. பிள்ளைகள் எடுத்துவிட்டார்கள், மனைவி எடுத்துவிட்டாள். எனக்கு எவனுடைய குடியுரிமையும் தேவையில்லை என்று கோயில் திருவிழாவில் நாலு பேர் கேட்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மை என்னவென்றால், அதற்கு நேர்முகப் பரீட்சை உண்டு. அரசர்கள், ஆறுகள், புரட்சி எல்லாம் கேட்பார்கள். பிரெஞ்சு கதைப்பேன், எழுத்துக் கூட்டுவதில் தடுமாறுவேன். ஏழாம் வகுப்புக்காரன் இன்னொரு முறை வகுப்பு வாங்கில் எழுந்து நின்று பேந்தப் பேந்த முழிக்க விரும்பவில்லை. அதனால் அகதிக்குத் தருகிற பயணப் புத்தகத்தோடே காலம் போனது. அதில் எழுதியிருக்கும்: இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும். கனடா போயிருக்கிறேன், நோர்வே போயிருக்கிறேன். வெள்ளவத்தை மட்டும் இல்லை.

வெள்ளவத்தையில் என் அக்கா இருக்கிறா. கால்வாய்க்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட், மூன்றாம் மாடி. மகளோடு இருக்கிறா. ஒரேயொரு தடவை, இருபது வருடத்துக்கு முன்னர், மதுரையில் சந்தித்தோம். இப்போது முழங்கால் விடாது, விமானம் ஏறமாட்டா. இரண்டு கண்ணிலும் வருத்தம், பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. போன வருடம் தொலைபேசியில் வழக்கமான விசாரிப்பெல்லாம் முடிந்து, வைக்கப் போகிற நேரம் சொன்னா: “தம்பி, வாறதெண்டால் எனக்குக் கண் தெரியேக்குள்ள வா. பிறகு வந்து நீ கதைச்சா, அதை நான் போனிலயே கேக்கலாம்தானே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னா. நான் அடுத்த நாளே விண்ணப்பம் போட்டேன். கொழும்புக்குப் போவதற்காகப் பிரெஞ்சுக்காரன் ஆக வேண்டியிருந்தது. ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. இங்கே என் நிலையில் இருக்கும் எல்லாருக்கும் விளங்கும்.

மகள் தர்சினி பள்ளிக்கூட ஆசிரியை. என்னை உட்கார வைத்து அரசர்களின் பெயர்களைச் சொல்லித்தந்து களைத்துப்போனாள். கடைசியில், “அப்பா, அரசரை விடுங்கோ. பார்த்த இடம் ஒண்டைப் பற்றிக் கேட்பினம். ஈஃபில் கோபுரத்தை எல்லாரும்தான் சொல்லுவினம். நீங்கள் உங்களுக்கு விளங்கிற ஒண்டைப் போய்ப் பாருங்கோ” என்றாள். எனக்கு விளங்குவது இரும்பு. வீட்டுக்குப் பக்கத்தில் அந்தக் காலத்து இரும்புப் பாலங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தொப்பியும் போட்டுக்கொண்டு, உல்லாசப் பயணி மாதிரிப் புறப்பட்டேன்.

சுழல் பாலத்துக்கு அப்பால் நடைபாலங்கள். நீர்மட்டத்திலிருந்து வில் போல உயர்ந்து, மரங்களின் இலைக்குள்ளே புகுந்து, மறுகரையில் இறங்குகின்றன. பச்சை வர்ணம். பாலத்தின் மேலே ஏறிய பிறகுதான் கவனித்தேன்: அவ்வளவும் ரிவெட். ஒரு இடத்திலும் வெல்டிங் இல்லை. நூறு வருடத்துக்கு முன்னே யாரோ நெருப்பில் பழுக்கவைத்த ஆணிகளை ஒவ்வொன்றாக அடித்து இறுக்கியிருக்கிறார்கள். ஒருகொடவத்தைக் கராஜில் நாங்கள் சேசிஸுக்கு அடித்ததும் அதே ஆணி, அதே உருண்டைத் தலை. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை.

கராஜில் ஒரு பழக்கம் உண்டு. லொறி வெளியே போகுமுன் ஒவ்வொரு ஆணியையும் ஒருவர் தட்டிப் பார்க்க வேண்டும். ஆணித் தலையின் ஓரத்தில் ஒரு விரலை வைத்து, மறுகையால் தட்டினால், இறுகிய ஆணி விரலுக்கு ஒன்றும் சொல்லாது. தளர்ந்த ஆணி துடிக்கும். எங்கள் பாஸ் காசிம் நானா மற்றவர்கள் தட்டியதை மறுபடி தட்டிப் பார்ப்பார், நான் தட்டியதைப் பார்க்கமாட்டார். என் விரல் ஒருநாளும் பிழை விட்டதில்லை.

வீட்டுத் திறப்பை, அதுதான் சாவியை, எடுத்தேன். முதல் பாலம், இரண்டாம் பாலம், குனிந்து தட்டிக்கொண்டே போனேன். என்ன அருமையான வேலை. ஒரு ஆணிகூட அசையவில்லை. மூன்றாம் பாலத்தில், இடப்பக்கம், கீழேயிருந்து ஆறாவது ஆணி, விரலில் துடித்தது. மறுபடி தட்டினேன். துடித்தது.

நான் செய்த பிழை அதற்குப் பிறகுதான். பேசாமல் வந்திருக்கலாம். கால்வாய்க் கரையில் வேலைச் சட்டை போட்ட ஒருவன் குப்பை அள்ளிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டு, ஆணியைக் காட்டி, இது சரியில்லை என்று சொல்லி, விளங்கட்டும் என்று திறப்பால் நன்றாக இரண்டு அடி அடித்துக் காட்டினேன். அவனுக்கு விளங்கியது வேறு. ஒரு கறுத்த கிழவன் புராதனப் பாலத்தை உடைக்கிறான். இடுப்பிலிருந்த வோக்கி டோக்கியில் என்னவோ கதைத்தான். பத்து நிமிடத்தில் நகரசபைப் பொலிஸ் இரண்டு பேர், ஒரு பெண்ணும் ஒரு பையனும்.

அட்டையைக் கேட்டார்கள். “மிஸ்யூ செல்லையா,” என்றாள் அந்தப் பெண். செல்லையா என் அப்பா. இந்த நாட்டில் நாற்பது வருடமாக எல்லாரும் என்னை அப்பா பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். அவர் கொழும்பில் களனிப் பாலத்துக்கு அந்தப் பக்கமே அதிகம் போகாத மனிதர். எங்கள் நாட்டில் இப்படித்தான் பரிசோதிப்போம் என்று விளக்கினேன். பையன் கேட்டான், “இந்தப் பாலம் உங்களுடையதா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நாற்பது வருடமாக வரி கட்டுகிறேன். கொஞ்சம் என்னுடையதும்தான்” என்றேன்.

சிரிக்கவில்லை. என் விபரத்தைக் கையிலிருந்த கருவியில் பதிந்துகொண்டு, இனிமேல் தட்டாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நேர்முகத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

அந்த மூன்று கிழமையும் நான் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. நாற்பது வருடத்தில் சிவப்பு விளக்கைக் கூடத் தாண்டாதவன், அக்காவைப் பார்க்கப் போகிற நேரத்தில் பொலிஸ் பதிவில் ஏறியிருக்கிறேன். தர்சினிக்கு மட்டும் சொன்னேன். “அப்பா, உலகத்தில வேற ஆராவது பாலத்துக்கு நாடி பிடிச்சுப் பார்ப்பினமோ?” என்றாள். பிறகு முகத்தை மாற்றி, கேட்டால் பொலிஸோடு ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்லும்படி சொன்னாள். அது பதிவே இல்லையாம், வெறும் குறிப்பாம். பதிவுக்கும் குறிப்புக்கும் என்ன வித்தியாசம் என்று ஊரில் சோதனைச் சாவடி கடந்தவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

நேர்முகம் எடுத்த பெண்ணுக்கு மகளின் வயதிருக்கும். ஆறுகளைக் கேட்டாள், சொன்னேன். புரட்சியைக் கேட்டாள், பாதி சொன்னேன். பிறகு அந்தக் கேள்வி: பொலிஸோடு எப்போதாவது ஏதாவது நடந்ததா? இல்லை என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவளுக்கு முன்னால் கணினி. அதில் என்ன எழுதியிருக்கிறதென்று எனக்குத் தெரியாது. பொய் சொல்லிப் பிடிபட்டால் அக்காவின் முகம் பார்ப்பது போய்விடும். உண்மை சொன்னாலும் போகலாம். இரண்டிலும் போகுமென்றால், தலைநிமிர்ந்து போகட்டும் என்று நினைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். லொறி, கராஜ், விரல், திறப்பு. அவள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பழைய இரும்பு அலுமாரி இருந்தது. எழுந்து போய் அதன் ஓரத்தில் விரலை வைத்துத் தட்டியும் காட்டினேன். எழுதிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அந்த ஆணி இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்டாள்.

“இன்னும் தளர்வாகத்தான் இருக்கிறது, மதாம். தட்டக்கூடாது என்றார்கள், அதனால் விட்டுவிட்டேன். மூன்றாம் பாலம், இடப்பக்கம், கீழேயிருந்து ஆறாவது. எழுதிக்கொள்ளுங்கள்.”

எழுதினாள். எதை எழுதினாள் என்று எனக்குத் தெரியாது.

பத்து மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தர்சினி வாசித்து, கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டு அழுதாள். நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு மூன்றாம் பாலத்துக்குப் போனேன். ஆறாவது ஆணியின் இடத்தில் ஒரு புது போல்ட் இருந்தது, பச்சை வர்ணம் கூடச் சரியாகக் காயவில்லை. அந்தப் பெண் சொல்லித்தான் செய்தார்களா, வழக்கமான திருத்தமா, யாருக்குத் தெரியும். ரிவெட்டுக்குப் பதில் போல்ட் போட்டது மட்டமான வேலை. நான் என்றால் பழுக்கவைத்து அடித்திருப்பேன். ஆனாலும் அன்று கொஞ்ச நேரம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு இலங்கை விசா. பிரெஞ்சுக்காரன் எல்லோ, விசா வேண்டும். மகள் கணினியில் நிரப்பினாள். பயணத்தின் நோக்கம் என்று ஒரு கட்டம். எதைப் போடுவது என்று கேட்டாள். அக்கா என்று போட இடமில்லை. சுற்றிப்பார்த்தல் என்று போட்டோம்.

வெள்ளவத்தையில் அக்கா கதவடியில் நின்றா. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, நெடுநேரம் பார்த்தா. “வெள்ளையா வருவாய் எண்டு பார்த்தன். அதே கரிக்கட்டை” என்றா. இன்னும் கண் தெரிகிறது என்பதை அப்படித்தான் எனக்கு அறிவித்தா.

விசாக் கதையைச் சொன்னதிலிருந்து நக்கல்தான். “சுற்றிப்பார்க்க வந்தனியெல்லே, வா, பாலம் காட்டுறன்.” மறுநாள் மாலை முழங்காலையும் பொருட்படுத்தாமல் இறங்கி, ஓட்டோ பிடித்து, நூறு மீற்றர் தூரத்திலிருக்கும் வெள்ளவத்தைப் பாலத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனா. பஸ் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு எத்தனை நாள் கடந்த பாலம். இதையும் நான் நின்று பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் ஹோர்ன் சத்தம், கீழே கறுத்த தண்ணீர் கடலைப் பார்த்துக் கிடந்தது.

ஓட்டோக்காரன் என் சப்பாத்தையும் தொப்பியையும் பார்த்து, அங்கிள் எந்த நாட்டிலிருந்து என்று சிங்களத்தில் கேட்டான். நான் என்ன சொல்வதென்று யோசிக்குமுன் அக்கா, “மெஹே தமயி, மல்லி” என்றா. இங்கேதான், தம்பி, என்று. சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தா, சரிதானே என்பது போல. சட்டைப் பையில் சிவப்புக் கடவுச்சீட்டும், பதினெட்டாம் திகதிக்குத் திரும்பிப் போகிற டிக்கெட்டும் இருந்தன.

பாலத்தின் ஓரக் கைபிடி இரும்புக் குழாய். பாரிஸ் வீட்டுத் திறப்பை எடுத்தேன். விரலை ஓரத்தில் வைத்து, மெதுவாகத் தட்டினேன். விரலில் துடித்தது. மறுபடி தட்டினேன். தளர்ந்திருப்பது கைபிடியா என் விரலா என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.