கல்லாவுக்கு மேலே ஒரு விமானம்

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் வேலை பார்க்கும் பலசரக்குக் கடையில், கல்லாவுக்கு நேர் மேலே கூரையில் ஒரு கொக்கி இருக்கிறது. முன்பு அதில் ஒரு விமானம் தொங்கியது. முதலாம் உலகப் போர்க் காலத்து இரட்டை இறக்கை விமானத்தின் மாதிரி. முதலாளி தன் கையாலேயே ஒட்டிச் செய்தது. யாழ்ப்பாணத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து பங்கருக்குள் பதுங்கிய மனிதர் போர் விமானத்தைத் தலைக்கு மேலே தொங்கவிடுவாரா? இவர் விட்டார். ஐந்து விமானங்களை வீழ்த்தியவனைப் பிரெஞ்சுக்காரர் ‘ஆஸ்’ என்று கொண்டாடிய கதையை, முருங்கைக்காய் வாங்க வந்தவர்களை மறித்துவைத்துச் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அவருக்கு மிகவும் பிடித்தது மலர்வளையக் கதை. “அந்தக் காலத்து ஆக்கள் எதிரியை விழுத்தினாலும், பிறகு அவன்ரை முகாமுக்கு மேலை பறந்துபோய் மலர்வளையம் போட்டிட்டு வருவினம். அது மரியாதையான சண்டையடா தம்பி” என்பார்.

2009க்குப் பிறகு அவருடைய தங்கை வன்னியிலிருந்து வந்து சேர்ந்தார். விமானக் குண்டுக்கு ஒரே மகனைப் பறிகொடுத்தவர். புறநகரான கார்ஜில் அண்ணன் வீட்டு அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தார். நாலு பேரோடு பேசினால் மனம் தேறும் என்று அவரைக் கல்லாவில் உட்காரவைக்க முதலாளி ஆசைப்பட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த விமானத்துக்குக் கீழேயா! “கழட்டுங்கோ அண்ணை” என்று எத்தனையோ தரம் சொன்னேன். “இது மரமும் துணியும். அது வேறை பிளேன்” என்றார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

முதலாளியின் தங்கை, எனக்கு அக்கா, ஒருநாள் கடைக்கு வந்தார். மேலே பார்த்தார். உட்காரவில்லை. பயத்தைப் போக்குகிறாராம், முதலாளி மலர்வளையக் கதையைத் தொடங்கினார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “என்ரை பிள்ளைக்கு ஆர் அண்ணை போட்டது?” என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

முதலாளி அன்றே ஏணியைத் தானே கொண்டுவந்து விமானத்தைக் கழற்றினார். வெள்ளிக்கிழமைகளில் சாமிப் படத்துக்கு ஒரு மாலை வாங்குவது வழக்கம். அந்த வாரம் இரண்டு வாங்கி, ஒன்றைக் கொக்கியில் மாட்டினார். யாராவது கேட்டால், “என்ரை மருமகனுக்கு” என்பார். அதற்கு மேல் கதை கிடையாது.

வருடங்கள் ஓடிவிட்டன. மாலை மட்டும் தவறுவதில்லை. கல்லா மேசையெல்லாம், பருப்புச் சாக்கெல்லாம் பூ உதிர்கிறது, கூட்டுகிறவன் நான்தானே! கொஞ்சம் தள்ளி மாட்டக்கூடாதா என்று இன்றைக்கும் முணுமுணுத்தேன். கொக்கிக்குக் கீழே உட்கார்ந்து பில் அடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“இருக்கட்டும் தம்பி. நான் கூட்டுறன்.”