சிவப்புக் காரைப் பற்றி ஒரே கேள்வி

என்னிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, மேலே கூரை கிடையாது. ஸ்ரீரங்கத்தில் எந்த டீக்கடையில் நிறுத்தினாலும் யாராவது வந்து பானட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “சார், மைலேஜ் என்ன குடுக்கும்?” என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “பெருமாள் தேருகிட்டயும் போய் மைலேஜ் கேப்பீங்களா?” என்று ஒருவரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன்.

கிளட்சை மிதிக்க முழங்கால் மறுத்துவிட்டதால் போன மாதம் அதை விற்றுவிட்டேன். வாங்கியவர் சென்னையிலிருந்து லாரியோடு வந்தார். விஷயம் தெரிந்தவர், என்னிடம் எதையும் கேட்கவில்லை. கயிறு கட்டி ஏற்றியதும், “போயிட்டு வரேன் சார்” என்று கிளம்பினார். லாரி தெருமுனையில் திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன்.

இப்போது அதே டீக்கடைக்கு நடந்து போகிறேன். மனைவி போனதிலிருந்து வீட்டில் பேச ஆளில்லை. கடையிலும் யாரும் என் பக்கம் திரும்புவதில்லை. நேற்று ஒருவர் பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினார். சாதாரண ஸ்கூட்டர்தான், ஊரெல்லாம் ஓடுவது. டீ டம்ளரோடு மெல்ல அவரருகே நகர்ந்தேன்.

“ஏங்க, இது மைலேஜ் என்ன குடுக்குது?”