இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்த வெள்ளிக்கிழமை

சீரக மூட்டைமேல் மடிக்கணினியை வைத்து வேலை செய்ய எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கெலுகோரில் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்தபின், கேபிள் இழுப்பதும் லேபிள் ஒட்டுவதுமாகவே பொழுது போனது. தனியாக ஒரு வேலை கொடுங்கள் என்று மேலாளரை அரித்தெடுத்ததில் இது கிடைத்தது. ஜார்ஜ் டவுனில் ஒரு மசாலா மொத்தக் கடை. அதன் கிடங்கு சிம்பாங் அம்பாட்டில். இரண்டையும் புதிய லைனில் இணைக்க வேண்டும். நடந்தால் இனி தனி வேலைகள் வரும். நடக்காவிட்டால் மறுபடியும் லேபிள்தான்.

கடை முதலாளி காலையிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்புவதற்குள் புது லைன் ஓட வேண்டும். இல்லையென்றால் பழையதையே மாட்டிவிட்டு நான் போய்விடலாம்.

கிடங்குப் பக்கம் என் அலுவலகத்து அண்ணன் ஒருவர் இருந்தார். என்னோடுதான் வேலைக்குச் சேர்ந்தவர். என்னை டிகிரிக்காரி என்றுதான் கூப்பிடுவார், அவரும் டிகிரிதான்.

இரு பக்கத்து ரவுட்டர்களும் ஓஎஸ்பிஎஃப் என்ற முறையில் பேசிக்கொள்ள வேண்டும். முதலில் ஹலோ சொல்லும். பிறகு ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் மற்றதற்குச் சொல்லும். அது முடிந்தால்தான் அவை அண்டை வீட்டார். எங்கள் ரவுட்டர்களோ ஹலோவோடு சரி. திரையில் ‘எக்ஸ்ஸ்டார்ட்’ என்றே நின்றது. பேச்சை ஆரம்பிக்கப்போகிறோம், ஆனால் ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம்.

பதிவுகளைத் தோண்டினேன். ஒரே தடவையில் எவ்வளவு பெரிய தகவல் பொட்டலம் போகலாம் என்ற அளவு இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்தது. என் பக்கம் ஆயிரத்து ஐநூறு, அண்ணன் பக்கம் ஆயிரத்து நானூறு. அளவு ஒத்துப்போகாவிட்டால் ஓஎஸ்பிஎஃப் மேலே பேசாது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. என் பக்கத்தை ஆயிரத்து நானூறுக்கு இறக்கிவிட்டு, மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே காத்திருந்தேன்.

எக்ஸ்ஸ்டார்ட். அதே எக்ஸ்ஸ்டார்ட்.

முதலாளி தொழுகைத் தொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் அண்ணனைப் போனில் கூப்பிட்டேன்.

“அண்ணே, உங்க பக்கம் எவ்ளோ காட்டுது?”

“ஆயிரத்து ஐநூறு. நீ ஐநூறுல இருந்தியே, அதான் உனக்குச் சமமா இப்பதான் ஏத்துனேன்.”

“நான் உங்களுக்குச் சமமா இறக்கிட்டேனே.”

அண்ணன் சிரித்தார்.

“ரெண்டு பேருமே வழி விட்டா, யாருதான்லா ரோட்ட கடக்கிறது?”

அளவைப் பார்க்காமலே விட்டுவிடச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு, அதைப் போட்டு முடித்துவிடலாமா என்றும் கேட்டார். நான் மறுத்தேன். நடுவில் இருக்கும் வயர்லெஸ் லைன் ஆயிரத்து நானூறுக்குமேல் தாங்காது. ரவுட்டர்கள் சமாதானமாகிவிடும், பெரிய ஆர்டர்கள் வழியில் காணாமல் போகும். நாளைக்கு முதலாளிக்கு யார் பதில் சொல்வது? அண்ணன் பழைய ஆயிரத்து நானூறுக்கே திரும்பட்டும், நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுகிறேன் என்றேன். கையை எடுத்துவிட்டதற்கு அத்தாட்சி கேட்டார். இடது கையில் போன், வலது கையில் தே தாரிக் டீ கிளாஸ் என்றேன்.

திரை மாறியது. எக்ஸ்சேஞ்ச், லோடிங், கடைசியில் முழு இணைப்பைச் சொல்லும் ஃபுல். கிடங்கின் வழிகள் ஒவ்வொன்றாக என் பக்கம் வந்து இறங்கின.

நான் முதலாளியிடம் ஒரு ஆர்டர் போடச் சொன்னேன். வேண்டுமென்றே போலிருக்கிறது, நீளமானதாகப் போட்டார். அந்தப் பக்கம் அச்சு இயந்திரம் கரகரவென்று ஓடுவது போனிலேயே கேட்டது. முழுசா வந்துருச்சு என்றார் அண்ணன்.

முதலாளி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார்.

“பாலிக் புலாவ்ல ஜாதிக்கா ஸ்டோர் ஒண்ணு இருக்கும்மா. அதுக்கும் லைன் வேணும். உங்க மேனேஜர்கிட்ட சொல்லிடறேன், நீயே வா.”

சரி முதலாளி என்றேன். அவர் தெருவில் இறங்குவதற்குள், அங்கே என்ன லைன் வருகிறது, எவ்வளவு தாங்கும் என்று பின்னாலேயே கேட்டுக்கொண்டு போனேன்.